நடுவில் நிறுத்தப்பட்ட பெண்கள்

2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு ஞாயிறு. இரண்டாம் திருப்பலியை நிறைவுசெய்து, திருவுடைகளைக் களைந்துவிட்டுத் திருப்பண்ட அறையை விட்டு வெளியே வந்தோம். பங்குப் பேரவையைச் சேர்ந்த நால்வர் வாயிலில் நின்றிருந்தனர். நால்வரும் நல்லவர்கள், ஆலயத் திருவிழாக்களில் தோள் கொடுப்பவர்கள். அவர்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்; நம்மிலும் மூத்தவர். அவர் கையில் தட்டச்சு செய்த தாள் ஒன்று இருந்தது. அம்மாதம் 14-ஆம் நாள் வெளியான 'காதல் என்பது பொதுவுடமை' என்னும் திரைப்படத்தைக் கத்தோலிக்கர் எவரும் பார்க்கலாகாது என்று பீடத்திலிருந்து நாம் அறிவிக்க வேண்டும் என்பதே அத்தாளின் சாரம்.

"படத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டோம்.

"என்ன சாமி, அதைப் போய்ப் பார்க்கவா வேண்டும்? இரண்டு பெண்கள் காதலிக்கிறார்களாம். போதாதா?" என்றார் ஆசிரியர்.

போதாது என்றோம். அவர்கள் முகம் வாடிற்று. நாம் அத்தாளை வாங்கி வைத்துக்கொண்டோமே தவிர வாசிக்கவில்லை. அவர்களுக்கு நாம் கடன்பட்ட பதில்தான் இக்கட்டுரை. வாயிலில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடிய காரியமாக அது நமக்குத் தோன்றவில்லை. பங்குச் சாமியாருக்குத் திரைப்படத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் மக்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் நம் முன்னும், பல மணி நேரம் திரையின் முன்னும் அமர்ந்திருக்கும் காலத்தில், அவர்கள் அங்கே எப்படி அமர்ந்திருக்கிறார்கள் என்பதும் நம் வேலைதான் என்று நினைக்கிறோம்.

பின்னர் நாம் அப்படத்தைப் பார்த்தோம். ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கியது. படித்த, முற்போக்கான தாய் ஒருத்தி, அவ்வேடத்தில் ரோகிணி. மகளாக லிஜோமோள் ஜோஸ். தான் காதல்வயப்பட்டிருப்பதாக மகள் சொல்கிறாள். தாய் மகிழ்ந்து, விருந்து சமைத்து, அந்த நபரை வீட்டுக்கு அழைத்துவரச் சொல்கிறாள். வந்து நிற்பது ஒரு பெண். அதுவரை பிறருக்குச் சுதந்திரம் பேசிய அத்தாய்க்குத் தன் வீட்டுக் கூடத்தில் நாக்கு எழவில்லை. கதை அவ்வளவுதான். ஏறத்தாழ முழுவதும் ஒரே வீட்டுக்குள், சிலர் அமர்ந்து பேசுவதாலேயே நகரும் படம் இது. காம உணர்வைக் கிளறும் பொருட்டு எடுத்த படம் என்று இதைச் சொல்பவர் அதைப் பார்த்திராதவராகவே இருக்க வேண்டும்.

ஆசிரியர் ஐயாவின் கேள்வி நமக்குப் புதிதன்று. 1998-ஆம் ஆண்டின் இறுதியில் அதே கேள்வியை இந்தியாவே கேட்டது. நாம் அப்போது குருமடத்தில் இறையியல் பயின்றுகொண்டிருந்தோம். தீபா மேத்தா 1996-இல் எடுத்த 'ஃபயர்' படம் அவ்வாண்டு நவம்பரில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. தில்லியில் ஒரு கூட்டுக் குடும்பம், ஓரகத்திகள் இருவர். மூத்தவளின் கணவன் ஒரு சாமியாரின் சீடனாகி, மனைவியை அருகில் கிடத்தித் தன் துறவைச் சோதித்துக்கொள்பவன். இளையவளின் கணவன் வேறொருத்தியின் வாயிலில் கிடப்பவன். அந்த இரு பெண்களும் ஒருவரிடம் ஒருவர் ஆறுதல் தேடிக் காதலர் ஆகின்றனர். ஷபனா ஆஸ்மியும் நந்திதா தாஸும் நடித்தனர். தணிக்கைக் குழு ஒரு வெட்டுமின்றி 'ஏ' சான்றிதழ் வழங்கியிருந்தது. சீதா என்னும் பெயர் மட்டும் இந்தி வடிவத்தில் நீதா ஆயிற்று!

சில வாரங்கள் படம் ஓசையின்றி ஓடியது. டிசம்பர் 2-ஆம் நாள் மும்பையில் சிவசேனையின் மகளிர் அணியினர் திரையரங்குகளுக்குள் புகுந்து கண்ணாடிகளை நொறுக்கினர். மறுநாள் தில்லியில் ரீகல் அரங்கம் தாக்கப்பட்டது. அன்றைய மகாராஷ்டிர முதலமைச்சர் உடைத்தவர்களைப் பாராட்டினார். படம் மீண்டும் தணிக்கைக்கு அனுப்பப்பட்டு, 1999 பிப்ரவரியில் மறுபடியும் வெட்டின்றியே வெளிவந்தது.

இவை செய்தித்தாளில் வந்தவை. நாம் கண்ணால் கண்டது வேறொன்று. விடுமுறையில் ஊர் திரும்பும் வழியில், பேருந்து நிலையச் சுவரொன்றில் அப்படத்தின் சுவரொட்டி ஒட்டியிருந்தது. இரு பெண்களின் முகங்களையும்விடப் பெரிதாக 'ஏ' என்னும் எழுத்து. அதன் கீழ் இளைஞர் கூட்டம்; சீழ்க்கை; சிரிப்பு. தனிமையில் வாடிய இரு பெண்களின் கதைக்கு அவ்வூரில் கிடைத்த ரசிகர்கள் அவர்கள்தாம். மும்பையில் கண்ணாடியை உடைத்தவனும், அந்தச் சுவரருகில் சீழ்க்கையடித்தவனும் எதிரெதிர் அணியினர் என்று உலகம் எண்ணுகிறது. நாம் அப்படி எண்ணவில்லை. இருவரும் கண்டது ஒன்றே: உடல். ஒருவனுக்கு அது அருவருப்பு, மற்றவனுக்கு அது தீனி. அந்த உடலுக்குள் ஒரு பெண் இருக்கிறாள் என்பதை இருவருமே காணவில்லை.

இதற்கு இன்னொரு சான்று 2004-இல் வந்தது. 'கேர்ள்ஃபிரண்ட்' என்னும் இந்திப் படம். அதில் பெண்ணைக் காதலிக்கும் பெண் பொறாமை பிடித்தவளாய், வெறிகொண்டவளாய்ச் சித்திரிக்கப்பட்டிருந்தாள். விளம்பரமோ ஆண்களின் கண்ணுக்கு விரித்த வலை. பெண்கள் அமைப்பினர் இது எங்களை இழிவுசெய்கிறது என்று கண்டித்தனர். முன்பு 'ஃபயர்' படத்தை எதிர்த்த கூட்டத்தார் இதையும் எதிர்த்தனர், பண்பாட்டைக் கெடுக்கிறது என்று. ஒன்று அப்பெண்களுக்காக இரங்கிய படம். மற்றது அவர்களைப் பேயாக்கிய படம். இரண்டின்மேலும் ஒரே கல்லை எறிந்தவர்கள் இரண்டையும் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? ஆசிரியர் ஐயா தம் வகுப்பில் விடைத்தாளைப் படியாமல் மதிப்பெண் இட்டிருக்க மாட்டார்.

அன்பர்களே, மற்றவர்களைக் குறைகூறுவது எளிது. நம் சபையின் கணக்கையும் சற்றுப் புரட்டுவோம்.

அமெரிக்கத் திரைப்படங்களை முப்பதாண்டுக் காலம் கட்டி ஆண்ட ஒழுக்க நெறிமுறை 1930-இல் எழுதப்பட்டது. அதை எழுதியவர்கள் இயேசு சபைக் குரு தானியேல் லார்டும், கத்தோலிக்கப் பத்திரிகையாளர் மார்ட்டின் குயிக்லியும். 1934 முதல் அது கண்டிப்பாகச் செயல்பட்டது. தன்பாலீர்ப்பைக் கோடிட்டுக் காட்டுவதும் அதில் விலக்கு. விளைவு என்ன? லில்லியன் ஹெல்மனின் நாடகமொன்று: ஒரு பள்ளிச் சிறுமி தன் ஆசிரியைகள் இருவரையும் இணைத்து வதந்தி பரப்புகிறாள், பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிச் செல்கின்றனர், பள்ளி அழிகிறது. 1936-இல் வில்லியம் வைலர் இதைப் படமாக்கியபோது, நெறிமுறைக்கு அஞ்சி, வதந்தியை ஓர் ஆணையும் பெண்ணையும் பற்றியதாக மாற்றினார். விதி தளர்ந்த 1961-இல் அவரே 'சில்ட்ரன்ஸ் ஹவர்' என்னும் பெயரில் கதையை உள்ளபடி எடுத்தார். ஓட்ரி ஹெப்பர்னும் ஷெர்லி மெக்லேனும் ஆசிரியைகள். தன் உள்ளத்தில் அந்த அன்பு இருந்தது உண்மைதான் என்று உணரும் ஒருத்தி, படம் முடியுமுன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். முப்பதாண்டு மௌனத்தின் பின் கதவு திறந்தபோது வெளியே வந்தது ஒரு பிணம். அந்த மௌனத்தால் யாருடைய கற்பு காக்கப்பட்டது என்று நமக்குத் தெரியவில்லை.

இன்னொன்று நம் நகரின் பழைய எசமானர் நாட்டில் நடந்தது. தீதரோவின் பழைய நாவலொன்றை ழாக் ரிவெத் படமாக்கினார்: விருப்பமின்றித் துறவு மடத்தில் அடைக்கப்பட்ட இளம்பெண்ணின் கதை. அதில் வரும் மடத்துத் தலைவியருள் ஒருத்தி அவள்மேல் ஆசை கொள்கிறாள். படம் வெளியாகுமுன்பே கன்னியர் மடங்களிலிருந்தும் கத்தோலிக்கப் பெற்றோர் சங்கங்களிலிருந்தும் அரசுக்குக் கடிதங்கள் குவிந்தன. எழுதியவர் எவரும் படத்தைப் பார்த்திருக்க வழியில்லை. 1966-இல் பிரெஞ்சு அரசு அதைத் தடைசெய்தது. அதே ஆண்டு கான் விழாவில் அது திரையிடப்பட்டது. 1967-இல் தடை நீங்கி வெளிவந்தபோது, தடையே அதற்கு விளம்பரமாயிற்று. நாம் அக்கடிதங்களில் ஒன்றை எழுதியிருந்தால் இன்று வெட்கப்படுவோம். அப்படம் கேட்ட கேள்வி, ஒரு பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக ஒரு வாழ்க்கைக்குள் பூட்டலாமா என்பது. அந்தக் கேள்விக்கு நம்மவர் யாரும் பதில் எழுதவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இல்லாவிடில், சாமி மாறிவிட்டார் என்று கிசுகிசு எழும். திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் உரிய அருளடையாளம் என்னும் திருச்சபையின் போதனையை நாம் ஏற்கிறோம், கற்பிக்கிறோம். ஒரே பாலினர் உடலுறவைத் திருச்சபை ஒப்புக்கொள்வதில்லை. 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் அதைச் சொல்கிறது. அதே நூல், அதே பக்கத்தில், இத்தகைய ஈர்ப்புள்ளோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக அவர்களை ஒதுக்கும் எந்த அடையாளமும் கூடாது என்றும் சொல்கிறது. 1986-இல் உரோமையிலிருந்து ஆயர்களுக்கு வந்த கடிதம் கண்டிப்பானது. அதுவுங்கூட இவர்கள்மேல் சொல்லாலும் செயலாலும் ஏவப்படும் வன்முறையைக் கண்டித்தது. நம் நால்வரின் தாள் முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்ட மறைக்கல்வி. பாதி மறைக்கல்வியைப் பீடத்திலிருந்து வாசிக்க நமக்கு அதிகாரமில்லை.

திரைப்படங்களைப் பற்றித் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 1936-இல் சுற்றுமடல் எழுதினார். அதில் எச்சரிக்கைத் தொனியே மிகுதி. 1957-இல் 12-ஆம் பத்திநாதர் எழுதியபோது தொனி மாறியது. பார்வையாளரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்றார். 1963-இல் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்பு பற்றிய தன் விதித்தொகுப்பில், தேர்ந்து பார்க்கும் கடமையைப் பார்ப்பவரின் மனச்சான்றின்மேல் வைத்தது. தடைப் பட்டியலிலிருந்து பயிற்சிக்குச் சபை நடந்து வந்திருக்கிறது. நாம் மட்டும் 1936-லேயே உட்கார்ந்திருக்கிறோம். நம் நகரில் அரசும், நவதர்சன் திரைப்படக் கழகமும், அலியான்ஸ் பிரான்சேஸும் சேர்ந்து இந்தியத் திரைப்பட விழா நடத்தி, இம்மண்ணில் உயிர்நீத்த சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரால் விருது வழங்கிவருகின்றன. அங்கே நம் பங்கு மக்களை நாம் கண்டதேயில்லை. நல்ல படத்துக்குப் போகாதவர், கெட்ட படத்தைத் தடுக்க மட்டும் தாள் எழுதுகிறார்!

யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். (அப்பெண்ணின் குற்றத்தையும் இவர்களையும் ஒன்றாக்குவதற்காகச் சொல்லவில்லை, நாம் பார்ப்பது அங்கே கூடியிருந்த கூட்டத்தை.) ஒரு பெண்ணைப் பிடித்து இழுத்துவந்து நடுவில் நிறுத்தினார்கள் என்கிறார் நற்செய்தியாளர். நடுவில் என்றால் எல்லார் கண்ணும் படும் இடம். கல் இன்னும் எவன் கையிலிருந்தும் புறப்படவில்லை. ஆனால் கண்ணெறிதல் தொடங்கிவிட்டது. இயேசு என்ன செய்தார்? குனிந்து தரையில் எழுதினார். அத்தனை கண்களும் அவளைத் துளைத்துக்கொண்டிருக்கையில், ஒருவர் மட்டும் தம் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். எல்லாரும் போனபின்புதான் நிமிர்ந்து அவளோடு பேசினார். குருமடத்தில் இப்பகுதிக்கு விளக்கம் எழுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றோம். அந்தக் குனிதலின் பொருள் நமக்கு விளங்கியது பல்லாண்டுகள் கழித்து. இச்சையோடு நோக்குவதே பாவம் என்று மலைப்பொழிவில் சொன்னவர் அவர். அந்தக் கட்டளை திரைக்கு அல்ல, இருக்கையில் அமர்ந்திருப்பவனுக்கு இடப்பட்டது.

படமெடுப்போர்மேலும் நமக்குக் குறை உண்டு. 'ஃபயர்' படத்தின் இரு கணவரும் இரக்கமற்றவர்கள். ஆகவே, நல்ல புருஷன் வாய்த்திருந்தால் இவர்கள் இப்படிப் போயிருப்பார்களா என்று ரசிகன் ஆறுதல் கொள்ள அப்படமே இடம் கொடுத்துவிட்டது. பெண்ணுக்குப் பெண்மேல் எழும் அன்பு, கெட்டுப்போன திருமணத்துக்கான மருந்துபோல் ஆயிற்று. 2025-இன் தமிழ்ப் படம் அந்தப் பிழையை ஏறத்தாழத் தவிர்க்கிறது. ஆயினும் மகளின் பெற்றோரைப் பிரிந்து வாழ்வோராகக் காட்டியது ஏன்? குடும்பம் உடைந்ததால்தான் என்று சொல்லிக்கொள்ள நம்மவர்க்கு அது போதும். ஒற்றுமையான வீட்டிலும், மாலைதோறும் செபமாலை சொல்லும் வீட்டிலும் இப்படியொரு மகள் இருப்பாள். நாம் அறிவோம். 2023-இல் மம்மூட்டியும் ஜோதிகாவும் நடித்த 'காதல் தி கோர்' வந்தபோது, கேரளத்தில் ஆயர் ஒருவர், இக்கதை மாந்தரைக் கிறிஸ்தவராக்கியது ஏன் என்று வருந்திக் கேட்டார். அவர் வருத்தத்தை மதிக்கிறோம். ஆனால் நம் வீடுகளில் இல்லாததை எவரும் அங்கே கொண்டுவந்து வைத்துவிடவில்லை என்பதே நம் எண்ணம்.

இனி, தாளில் இல்லாததைச் சொல்கிறோம். பத்மராஜன் 1986-இல் எடுத்த மலையாளப் படத்தில் பள்ளிச் சிறுமியர் இருவர் சுற்றுலாவின்போது ஓடிப்போகிறார்கள்; இறுதியில் இருவரும் சேர்ந்தே சாகிறார்கள். 2004-இல் லிஜி புல்லாப்பள்ளி எடுத்த 'சஞ்சாரம்' படத்தில் கிரண் என்னும் இந்துப் பெண்ணும், டிலைலா என்னும் கத்தோலிக்கப் பெண்ணும். கேரளத்தில் இப்படிப்பட்ட பெண்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்ட செய்திகளே அப்படத்தின் பின்புலம். அதில் கிரண் சாவின் விளிம்புவரை சென்று திரும்பி வருகிறாள். பதினெட்டு ஆண்டு இடைவெளியில் திரைப்படம் ஒரு பெண்ணை உயிரோடு திரும்பி வர விட்டது. வெளியுலகம் விடவில்லை. 2008-இல் சென்னையில் நடுவயதுப் பெண்கள் இருவர், உறவினர் தங்களைப் பிரிக்க முனைந்ததால், சேர்ந்தே உயிர்நீத்தனர். அன்று எந்தப் பங்கில், யார், எந்தத் தாளைத் தட்டச்சு செய்தார்கள்?

மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பியோடி வந்த இரு இளம்பெண்கள் வழக்கில் 2021 சூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்கு அறிவு போதாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஓர் உளவியலாளரிடம் தாமே சென்று அமர்ந்து கேட்டறிந்த பின்பே எழுதினார். தீர்ப்புச் சொல்லும் அதிகாரமுடையவர் மாணவராகி அமர்ந்தார். இரண்டு மணி நேரப் படத்தைப் பார்க்க நமக்கு வெட்கம்.

ஆசிரியர் ஐயாவுக்கும் மற்ற மூவருக்கும் நம் பதில் இதுதான்: அறிவிப்பு வாசிக்க மாட்டோம். வேண்டுமானால் பங்கு மண்டபத்தில் ஒரு மாலை அப்படத்தைத் திரையிடுவோம், பெரியவர்கள் வரட்டும், முடிந்தபின் வாதிடுவோம். படத்தின் முடிவு திருச்சபையின் போதனையோடு எங்கே முரண்படுகிறது என்று நாமே எழுந்து சொல்வோம். பார்த்தவர் பேசட்டும்.

அந்த ஞாயிற்றுக்குப் பின் சில வாரங்கள் சென்றன. தவக்காலம். பங்கு இல்லத் தாழ்வாரத்தில் ஒரு தாய் வந்து அமர்ந்தார். (பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதை எழுதுவோம் என்று யாரும் அஞ்ச வேண்டாம், இது தாழ்வாரத்தில் நடந்தது. அவருடைய ஒப்புதலோடும், அடையாளங்களை மாற்றியுமே எழுதுகிறோம்.) வெளியூரில் வேலையிலிருக்கும் மகள், தான் யாரோடு வாழ விரும்புகிறாள் என்பதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். தந்தைக்கு இன்னும் தெரியாது. நெடுநேரம் எதுவும் பேசாதிருந்துவிட்டு அத்தாய் கேட்டார்:

"அந்தப் படத்தைக் கைப்பேசியில் பார்க்க ஆரம்பித்தேன் சாமி. அந்தப் பெண் வீட்டுக்குள்ளே வந்து நின்றதும் நிறுத்திவிட்டேன். அந்த அம்மா கடைசியில் என்னதான் சொன்னாள்?"

நாம் சொல்லவில்லை. மீதியையும் பாருங்கள், மகள் வரும்போது அவளோடு அமர்ந்து பாருங்கள் என்றோம். பாஸ்காவுக்கு வருகிறாளாம். தலையாட்டிக்கொண்டு எழுந்தவர், படியருகில் நின்று திரும்பினார்.

"பூசைக்கு அவளைக் கூட்டி வந்தால் ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்களா சாமி?"

அவர் வழக்கமாக அமர்வது இடப்புற வரிசையில் நான்காம் இருக்கை. அந்த நால்வரில் இருவர் குடும்பத்தோடு அமர்வது அதற்கு நேர் முன்னிருக்கையில்.